சதி என்ற சௌகரியம்

பல்பு ஃப்யூஸ் போனால் உடனே "எல்லாம் அந்த ஜெனிவா கூட்டம் பண்ணின வேலை" என்று சொல்கிற நண்பர்கள் எனக்குக் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் இந்தச் செய்தி ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. கோசிமா டானோரிட்சர் இயக்கி 2010இல் வெளியான 'தி லைட் பல்ப் கான்ஸ்பிரஸி' என்ற ஆவணப்படம். மிக்ஸி கெட்டுப்போச்சு, போன் மந்தமாயிடுச்சு என்று யாராவது குழுவில் புலம்பினால் போதும், அந்தப் படத்தின் சுட்டி வந்து விழுந்துவிடும்.

நான் அதை நான்கு முறை பார்த்திருக்கிறேன். சுறுசுறுப்பான படம். ஒரு ஆவணப்படத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வைப்பதே பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு முறை முடியும்போதும் எனக்குள் ஒரு சின்ன உறுத்தல். வீட்டுப் பொருட்கள் ஏன் நீடித்து உழைப்பதில்லை என்ற கேள்விக்கு அது தருகிற பதில் ரொம்பவும் நன்றாகக் கதையாகிவிடுகிறது. வில்லன் இருக்கிறான், ரகசிய ஆவணம் இருக்கிறது, பார்சிலோனாவில் ஒரு சாமானிய மனிதர் தன் பிரிண்டருக்காகக் களம் இறங்குகிறார். துப்பறியும் கதையின் எல்லா உறுப்புகளும் அதனதன் இடத்தில். துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபட்டதும் நமக்கு வேலை முடிந்துவிடும், இல்லையா? அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

முதலில் படம் சொல்வதில் உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் உண்மைதான்.

1924 டிசம்பரில் ஜெனிவாவில் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி 'ஃபீபஸ்' என்ற கார்ட்டெலை உருவாக்கின. ஜெர்மனியின் ஆஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ், ஹங்கேரியின் டங்ஸ்ராம், பிரான்சின் கம்பனி தே லாம்ப் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நேரடியாகக் கையெழுத்திடவில்லை, தன் வெளிநாட்டுத் தொடர்புகள் வழியாக உள்ளே இருந்தது. சந்தையைப் பங்கு போட்டார்கள், விலையைக் கட்டினார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார்கள். அதுவரை 1500, 2000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த பல்புகளின் ஆயுளை 1000 மணி நேரத்துக்கு இறக்கினார்கள். உறுப்பினர்கள் தங்கள் பல்புகளை சுவிட்சர்லாந்தில் இருந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். எவனுடைய பல்பு அதிக நேரம் எரிகிறதோ அவனுக்கு அபராதம். நன்றாக வேலை செய்ததற்கு அபராதம்! இந்த இடத்தில் படம் பார்ப்பவருக்கு ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். எனக்கும் கொதித்தது. (குறைந்தது 1955 வரை ஓட வேண்டும் என்று திட்டமிட்ட கூட்டணி, இரண்டாம் உலகப்போர் வந்ததும் சிதறிப்போனது. அதற்கும் ஆயுள் குறைவுதான்.)

படம் அவசரமாகத் தாண்டிப்போவது இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை. பழைய குண்டு பல்பில் ஒளி தருவது சூடேறிய டங்ஸ்டன் இழை. எவ்வளவு சூடோ அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு வெண்மை. அதே சூட்டில் டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, கண்ணாடியின் உட்புறத்தில் கருப்பாகப் படிந்து, இழை மெலிந்து ஒருநாள் அறுந்துபோகும். மின்னழுத்தத்தை 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள், ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மின்சாரச் செலவோ அந்த அளவுக்குக் குறையாது. அதாவது நீண்ட நாள் எரியும் குண்டு பல்பு என்பது, மங்கலாக எரிந்துகொண்டு மின்சாரத்தை வீணாக்குகிற பல்பு. 1951இல் பிரிட்டனின் ஏகபோக ஆணையம் இந்த விஷயத்தைத் துருவி ஆராய்ந்தது. கார்ட்டெலின் வேறு பல நடவடிக்கைகளை அது ஏற்கவில்லை. ஆனால் 1000 மணி நேரம் என்பது நியாயமான சமரசம்தான் என்ற முடிவுக்கே வந்தது.

கலிஃபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துகொண்டிருக்கும் பல்பைப் படம் ஒரு புனிதப்பொருள் போலக் காட்டுகிறது. பாருங்கள், அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள்! உண்மைதான், ஆச்சரியமான பல்பு. இன்றைக்கு அது தரும் வெளிச்சம் சுமார் 4 வாட் அளவுக்குத்தான். அதன்கீழ் உட்கார்ந்து படிக்க முயன்றால் கண்தான் ஃப்யூஸ் போகும். அதை யாரும் அணைப்பதும் இல்லை, போடுவதும் இல்லை. கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரி அது பாட்டுக்கு இருக்கிறது.

அப்போ ஃபீபஸ் நல்லவங்களா? இல்லவே இல்லை. ஒளிக்கும் ஆயுளுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பது உண்மையான கேள்வி. மாடிப்படியில் எப்போதாவது போடுகிற விளக்குக்கு ஒரு பதில், படிக்கும் மேசைக்கு வேறு பதில். அந்தக் கேள்வியை வாங்குகிறவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, மூடிய அறையில் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். அதுதான் குற்றம். படம் இந்த நுணுக்கத்துக்குள் போயிருந்தால் கோபம் குறைந்திருக்காது, சரியான ஆள்மேல் திரும்பியிருக்கும்.

பெர்னார்ட் லண்டன் விஷயத்திலும் இதேதான். 1932இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, நியூயார்க்கில் மனை வணிகம் செய்துகொண்டிருந்த இவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். திட்டமிட்ட காலாவதி மூலம் மந்தத்தை முடிப்பது எப்படி என்பதே தலைப்பு. அரசாங்கம் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுள் குறிக்க வேண்டும். அந்தத் தேதி வந்ததும் நாற்காலியோ மேலங்கியோ சட்டப்படி 'செத்துவிடும்'. அதைக் கொண்டுபோய் அரசிடம் ஒப்படைத்தால் ஒரு ரசீது, அடுத்த பொருள் வாங்கும்போது விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். பழசையே வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு வரி. கேட்கவே பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆள் அதை எழுதியபோது கடைகளில் சரக்கு குவிந்து கிடந்தது, தெருவில் வேலையில்லாதவர்கள் நின்றார்கள். நான் அவரை வில்லனாகப் பார்ப்பதில்லை. இன்று நாம் எல்லோரும் சேர்ந்து மறைமுகமாகச் செய்வதை அவர் வெளிப்படையாக, ரசீது போட்டுச் செய்யலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. 1954இல் தொழில்வடிவமைப்பாளர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் அதே பதத்தை எடுத்து வேறு அர்த்தம் கொடுத்தார். பொருளைச் சாகடிக்க வேண்டாம், புதுசு மேல் ஆசை வந்தால் போதும், தேவைப்படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வாங்க வைத்துவிடலாம் என்பது அவர் வழி. இந்த இரண்டாவது ஆள்தான் ஜெயித்தார்.

இப்போது நம் வீட்டுக் கூரைக்கு வருவோம். எல்ஈடி பல்புக்கு அட்டைப்பெட்டியில் 25000 மணி நேரம் என்று போட்டிருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. ஒளி தருகிற அந்தச் சின்னச் சில்லுகள் அவ்வளவு காலம் தாங்கக்கூடியவைதான். சாவது அவை அல்ல, அடியில் இருக்கிற 'டிரைவர்' என்ற மின்சுற்று. அதிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். பல்பின் பிளாஸ்டிக் உடம்புக்குள் அதை அடைத்து, காற்றுப் போகாத கிண்ண விளக்குக்குள் மாட்டி, மே மாதத்து மொட்டை மாடிக்குக் கீழே தொங்கவிட்டால் அது என்னதான் செய்யும்? நாலு சில்லு வேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டு, அதிக மின்சாரம் விட்டு, அதே வெளிச்சத்தை வாங்கலாம். செலவு குறையும், சூடு ஏறும்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். துபாய் நகராட்சி கேட்டுக்கொண்டதால் பிலிப்ஸ் 2016இல் ஒரு பல்பைக் கொண்டுவந்தது. அதிகச் சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்த மின்சாரம். குறைவான சூடு, நீண்ட ஆயுள், மின்செலவும் கம்மி. குண்டு பல்பில் ஒளியும் ஆயுளும் சண்டை போட்டன, இங்கே அந்தச் சண்டைகூட இல்லை. சண்டை விலையோடு மட்டும்தான்.

இதற்கு ஜெனிவா தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ரகசியக் கூட்டம் இல்லை, அபராதப் பட்டியல் இல்லை. கடைக்குப் போகிறோம். வாட் தெரிகிறது, விலை தெரிகிறது, பெட்டியின் நிறம் தெரிகிறது. ஆயுள் தெரிவதில்லை. பத்து ரூபாய் கம்மியானது எதுவோ அதை எடுக்கிறோம். 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். தரம் எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால், நல்ல பொருள் வைத்திருப்பவனுக்கு நல்ல விலை கிடைக்காது, அவன் சந்தையை விட்டே போய்விடுவான், மிஞ்சுவது மட்டமான சரக்கு. யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. எனக்கு இது ஃபீபஸை விடப் பயங்கரமான கதையாகத் தெரிகிறது. ஆனால் இதை வைத்து யாரும் த்ரில்லர் எடுக்க மாட்டார்கள்.

மிக்ஸி கதை இன்னும் சுவாரசியம். எங்கள் பகுதியில் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது, இரும்பில் செய்தால் என்ன என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். "இரும்புல போட்டா நல்லா இருக்கும் தம்பி. தேங்கா சில்லு மாட்டி ஜார் நின்னுச்சுன்னா கப்ளர் நழுவணும். அது நழுவலைன்னா மோட்டார் காயில் எரியும். கப்ளர் கொஞ்ச காசு. காயில் கட்ட எவ்வளவு ஆகும் தெரியுமா?" குக்கர் கேஸ்கெட், சேஃப்டி வால்வு எல்லாம் இந்த ஜாதிதான். பெரிய உடம்பு வாழ்வதற்காகச் சின்ன உறுப்பு ஒன்று தேய்கிறது அல்லது உருகுகிறது. 'சீக்கிரம் கெட்டுப்போகும்படி செய்யப்பட்டது' என்ற வாக்கியம் இங்கே குற்றச்சாட்டே அல்ல, நல்ல வடிவமைப்பின் இலக்கணம்.

அப்போ எங்கே தப்பு நடக்கிறது? அண்ணனிடமே பதில் இருந்தது. பழைய மிக்ஸியைக் கவிழ்த்தால் நாலு ஸ்குரூ. இப்போது வருகிற சிலதில் ஸ்குரூவே தெரியாது, கிளிப்பு, பசை. திறக்கும்போதே உடையும். உள்ளே போர்டு ஒன்றாக வார்த்திருக்கும், ஒரு சின்ன உறுப்பு போனால் முழு போர்டும் வாங்க வேண்டும், போர்டு தனியாகக் கிடைக்காது. "நான் சொல்ற கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வந்துரும்கிறாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தானே" என்றார். பொருட்கள் ஏன் உழைப்பதில்லை என்ற கேள்வியை ஏன் திறக்க முடிவதில்லை என்று மாற்றிக் கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றியது அங்கேதான். அண்ணன் இருந்தால்தான் கப்ளர் நல்ல வடிவமைப்பு. அவர் கடையை மூடிவிட்டால் அதே கப்ளர் திட்டமிட்ட காலாவதி.

இதை ஆவணப்படத்தை விடப் புனைவுகள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. இரண்டு உதாரணங்கள்.

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' 1949இல் மேடையேறியது. வில்லி லோமன் தன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திட்டுகிற இடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடைசித் தவணை கட்டி முடிக்கும் நேரத்தில் சரியாகப் பொருளும் முடிந்துபோகும்படி கணக்குப் போட்டே செய்கிறார்கள் என்று அவர் நம்புகிறார். சதிக் கோட்பாட்டின் மிகச் சிறந்த இலக்கிய வடிவம் அது. ஆனால் மில்லர் அதை வில்லியின் வாயில் வைக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. ஆயுள் முழுக்க எதையோ விற்றே வாழ்ந்த மனிதர் வில்லி. தான் வாங்கிய யாரும் கேள்விப்படாத பிராண்டைத் திட்டிவிட்டு, பக்கத்து வீட்டு சார்லியின் ஜெனரல் எலக்ட்ரிக் 20 வருஷமாக ஓடுவதாகப் பொருமுகிறார். அந்த ஃப்ரிட்ஜ் அவர் வீட்டுக்கு வந்த காரணமோ, அதற்குத்தான் பெரிய பெரிய விளம்பரங்கள் வந்தன என்பது. விளம்பரத்தால் ஏமாந்த விற்பனையாளன்.

நான் சொல்ல வந்தது ஃப்ரிட்ஜ் அல்ல, காலுறை. நாடகத்தில் லிண்டா கிழிந்த காலுறைகளைத் தைத்துக்கொண்டே இருக்கிறாள். வில்லியால் அதைப் பார்க்கவே முடியவில்லை, தூக்கிப் போடச் சொல்லிக் கத்துகிறார். காரணம் நமக்குத் தெரியும், பாஸ்டனில் வேறொரு பெண்ணுக்குப் புதுக் காலுறைகளைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தவர் அவர். ஒரு பொருள் நீடித்து உழைப்பதன் மறுபக்கத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஊசி கோர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த நாடகத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. 'அந்தக் காலத்துப் பொருள் எல்லாம் எவ்வளவு உழைச்சது' என்று நாம் பெருமூச்சு விடும்போது, அது தானாக உழைக்கவில்லை என்பது மறந்துபோகிறது. ஈயம் பூசினார்கள், அம்மி கொத்தினார்கள், பாயின் ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்தார்கள். அந்த வேலையில் பாதிக்குக் கூலி உண்டு, அதுவும் அடிமாட்டுக் கூலி. மீதிப் பாதி வீட்டுப் பெண்கள் தலையில், கூலியே கிடையாது. மலிவு மிக்ஸியையும் நைலான் பாயையும் அவர்கள் கை நீட்டி வரவேற்றதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. நாடகத்தின் முடிவில் வீட்டுக் கடனின் கடைசித் தவணை வில்லியை அடக்கம் செய்கிற நாளில் கட்டப்படுகிறது. வீடு தாக்குப்பிடித்துவிட்டது. ஆள்தான் காலாவதி.

இரண்டாவது, 1951இல் வந்த 'தி மேன் இன் தி வைட் சூட்'. அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கம், அலெக் கின்னஸ் நடிப்பு. நகைச்சுவைப் படம் என்பார்கள், நான் பார்த்தவற்றில் மிகக் கசப்பான படங்களில் ஒன்று. சிட்னி ஸ்ட்ராட்டன் என்ற ஆராய்ச்சிப் பித்தன் கிழியாத, அழுக்கே பிடிக்காத துணியைக் கண்டுபிடிக்கிறான். ஆலை முதலாளிகள் அதை அமுக்கப் பார்க்கிறார்கள், அது எதிர்பார்த்ததுதான். தொழிற்சங்கமும் அதே பக்கம் வந்து நிற்கிறது, அங்கேதான் படம் சூடு பிடிக்கிறது. ஆளுக்கு ஒரு சூட் போதும் என்றால் அடுத்த வருஷம் ஆலையில் என்ன நெய்வது? வெள்ளை சூட்டோடு இருட்டில் ஓடிவருகிற சிட்னி, தான் குடியிருக்கும் வீட்டுக்காரக் கிழவியிடம் உதவி கேட்கிறான். துணி துவைத்துப் பிழைப்பவள். துவைக்கவே ஒன்றும் இல்லாவிட்டால் என் பிழைப்பு என்னாவது என்று கேட்டுவிடுகிறாள். சிட்னிக்குப் பதில் இல்லை. ஒரு கணம் அவன் முகம் விழுவதைக் கின்னஸ் காட்டும் விதத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இது வெறும் கற்பனை அல்ல. கிழக்கு ஜெர்மனியில் ஷ்வெப்னிட்ஸ் என்ற ஊரில் 1980 முதல் 'சூப்பர்ஃபெஸ்ட்' என்ற கண்ணாடி டம்ளர்களைச் செய்தார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் சோடியம் அயனிகளை எடுத்துவிட்டுப் பெரிய பொட்டாசியம் அயனிகளைப் புகுத்தி இறுக்கம் ஏற்றும் முறை, இன்று நம் போன் திரைக்குச் செய்வதும் அதேதான். சாதாரண டம்ளரை விடப் பல மடங்கு தாங்கியது. மேற்கில் யாரும் வாங்க முன்வரவில்லை. உடையாத டம்ளரை விற்றுவிட்டு அடுத்த ஆண்டு எதை விற்பது? 1990இல் உற்பத்தி நின்றது. அந்த டம்ளர்கள் இன்னும் பழைய சாமான் சந்தைகளில் உயிரோடு சுற்றுகின்றன.

சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பிரான்சில் 2015இல் திட்டமிட்ட காலாவதியைக் குற்றமாக்கினார்கள், இரண்டு ஆண்டு வரை சிறை. நிரூபிப்பது மகா கஷ்டம். ஒரு பொறியாளரின் மனதில் இருந்தது வஞ்சமா சிக்கனமா என்று எந்த நீதிபதி சொல்வார்? எனக்கு அதைவிடப் பிடித்தது அதே நாட்டில் 2021 ஜனவரியில் வந்த சாதுவான விதி. வாஷிங் மெஷின், டிவி, லேப்டாப், போன் போன்றவற்றின் மேல் அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டே விற்க வேண்டும் என்றது அது. வில்லனைத் தேடவில்லை, கடையில் தெரியாத ஒன்றைத் தெரிய வைத்தது. இந்தியாவிலும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. அண்ணனுக்கு அதைப் பற்றிச் சொன்னேன். "போர்டு அனுப்புவாங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

மறுபடி அந்த ஆவணப்படத்துக்கு வருகிறேன். பார்சிலோனாக்காரரின் பிரிண்டர் ஏன் நின்றது தெரியுமா? தலையைச் சுத்தம் செய்யும்போது வழிகிற மை ஒரு பஞ்சில் சேர்கிறது, பஞ்சு நிறைந்துவிடும் என்று ஒரு சில்லு எண்ணிக்கொண்டே வந்து ஒருநாள் இயந்திரத்தைப் பூட்டிவிடுகிறது. அவர் இணையத்தில் கிடைத்த ஒரு ரஷ்ய மென்பொருளால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குகிறார், பிரிண்டர் ஓடுகிறது, நாம் கைதட்டுகிறோம். பஞ்சு அப்படியேதான் இருக்கிறது. பஞ்சை மாற்ற ஒரு மூடியும் நாலு ஸ்குரூவும் வைத்திருந்தால் கதையே கிடையாது.

அதே படம் கானாவின் அக்போக்ப்லோஷிக்குப் போகிறது. மேற்கு நாடுகள் தள்ளிவிட்ட கணினிகள், கேபிளை எரித்துச் செம்பு எடுக்கும் சிறுவர்கள், கரும்புகை. அந்தக் காட்சிகள் பொய்யல்ல, அந்த இடம் 2021இல் இடிக்கப்படும்வரை அப்படித்தான் இருந்தது. ஆனால் அக்ராவுக்கு வந்து இறங்கிய பழைய மின்பொருட்களில் பெரும்பகுதி குப்பைக்குப் போகவில்லை. பழுது பார்க்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மறுபடி விற்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் அதே ஊரில் சின்னச் சின்னக் கடைகளில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்த கைகாரர்கள். நான்கு முறை பார்த்த பிறகும் எனக்கு நினைவில் நிற்பது புகை மட்டும்தான். கேமராவை அந்தக் கடைகள் பக்கம் கொஞ்சம் திருப்பி, பார்சிலோனா பிரிண்டரை ஒரு மேசைமேல் வைத்து, "இதை எப்படித் திறப்பீங்க?" என்று அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.